மோட்டார் வண்டியின் திருப்பு யந்திரமும் அதைப் பாதுகாக்கும் விதமும்

குடியானவர்கள் காளை வாங்கும்போது பல், குளம்பு, தோள் முதலியவற்றைப் பார்த்த பின்பே விலை பேசுவர். கட்டை வண்டி வாங்குவோர் அச்சையும் கடையாணியையும் அசைத்துப் பார்ப்பர். ஆனால் ஜீப், கார், டிராக்டர் முதலிய யந்திர வண்டிகளை வாங்குவோரில் பலர் எஞ்சினின் சப்தத்தைக் கேட்டதோடு திருப்தியடைந்து விடுகின்றனர். எஞ்சின் கெட்டுப்போனால் வண்டி வழியில் நின்றுவிடும். அதனால் விளைவது பொருள் நஷ்டமும் கால நஷ்டமுமே. வண்டியைத் திருப்பும் சாதனத்தில் ஒரு மூட்டுக் கழன்றாலோ, ஓட்டுகிறவர் கையில் ஸ்டியரிங் சக்கரம் இருக்கும். வண்டி மட்டும் அவர் வசத்தில் இராது. அவருக்கும் எதிரில் வருவோர்க்கும் உயிராபத்து நேரிடும்.

புதுச்சேரியை அடுத்த உழவர்கரை, தன் பெயரிலேயே உழவரை உடையது. ரெட்டியார்பாளையம், மூலகுளம் வழியாக வில்லியனூருக்கும், அப்பால் விழுப்புரத்திற்கும் செல்லும் சாலை இப்பகுதியின் ஊடே போகிறது. பேருந்துகளும் கார்களும் இரு சக்கர வண்டிகளும் நெருங்கிச் செல்லும் இத்தகைய சாலைகளில், பாரம் ஏற்றிய டிரெயிலரை இழுத்துக்கொண்டு டிராக்டர்களும் போகவேண்டியிருக்கிறது. ஆகவே திருப்பு யந்திரம் எவ்வாறு வேலை செய்கிறது, எவ்விடத்தில் கெடுகிறது, கெடுமுன் அதை எவ்வாறு கண்டுகொள்வது என்பவற்றை நிலமுடையோரும் கிராம உத்தியோகஸ்தர்களும் அறிந்திருத்தல் நலம்.

தேரும் கட்டை வண்டியும்

நான்கு சக்கர வண்டியைத் திருப்புவதில் உள்ள சிரமத்தை அறிய வெகு தூரம் செல்லவேண்டியதில்லை. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயிலின் தேரோட்டத்தைக் கண்டவர்க்கு அது நன்கு விளங்கும். பிரெஞ்சு கவர்னர்கள் வடம் பிடித்து வந்ததும், அவ்வழக்கத்தைப் பின்பற்றி இன்றும் துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதுமான தேர் அது. தேரின் அச்சுக்கள் அடிச்சட்டத்தோடு அசையாமல் பொருத்தப்பட்டவை. சக்கரங்கள் யாவும் ஒரே திசையை நோக்குபவை. ஆதலின் தேர் நேரே உருளுமேயன்றித் தானாகத் திரும்பாது. வீதியின் மூலைக்கு வந்ததும் ஒரு பக்கத்துச் சக்கரத்திற்கு முட்டுக்கட்டை கொடுப்பர். அப்பக்கம் தடைப்பட்டு நிற்க, மறுபக்கம் முன்னேறும். சக்கரங்கள் மண்ணை அரைத்துக்கொண்டு பக்கவாட்டில் வழுக்கும். தேர் சிறிது சிறிதாய்த் திரும்பும். நூற்றுக்கணக்கானவர் வடத்தை இழுத்தாலும் இவ்வேலை மெதுவாகவே நடைபெறுவதன் காரணம், உருளவேண்டிய சக்கரம் அங்கே அரைபடுவதுதான்.

கட்டை வண்டிக்கு இச்சிரமம் இல்லை. அதற்கு இரண்டே சக்கரங்கள். அவை அச்சின்மேல் தனித்தனியே சுழல்பவை. மாடுகள் வலப்புறம் திரும்பினால் வலச்சக்கரம் மெதுவாகவும் இடச்சக்கரம் வேகமாகவும் உருளும். ஒரே அச்சு ஆனபடியால் இரண்டும் எப்போதும் சரியான திசையையே நோக்குகின்றன. இரண்டாவது அச்சு ஒன்று சேர்ந்தவுடனேதான் தொல்லை பிறக்கிறது.

முற்காலத்துக் குதிரைக் கோச்சு வண்டிகளில் முன் அச்சு முழுவதையும் நடுவில் ஒரு முளையில் பொருத்தி, அச்சோடு சேர்த்துத் திருப்பினர். இதில் இரண்டு குறைகள் உண்டு. அதிகமாகத் திருப்பினால் முன் சக்கரங்கள் வண்டியின் அடியிற் புகுந்துவிடும்; தாங்குமிடம் குறுகி வண்டி கவிழ ஏதுவாகும். அன்றியும் ஒரு சக்கரம் கல்லில் மோதினால், அச்சின் பாதி நீளமும் நெம்புகோல்போல் நின்று அச்சு முழுவதையும் திருப்பிவிடும். குதிரைகள் ஏர்க்காலைப் பிடித்திருக்கும்வரை இது பொறுக்கத்தக்கது. முன்னால் இழுக்கும் விலங்கில்லாத யந்திர வண்டியில், அந்த அடி முழுவதும் ஓட்டுகிறவர் கையையே தாக்கும்.

இழுக்கும் விலங்கில்லாத வண்டியைப் புதுச்சேரி மக்கள் மோட்டாருக்கு முன்பே அறிவர். பிரெஞ்சு ஆட்சியில் நகரத் தெருக்களில் வழங்கிய புஸ்புஸ் வண்டியை ஆட்கள் பின்னாலிருந்து தள்ளுவர்; உட்கார்ந்திருப்பவரே முன்சக்கரத்தோடு இணைந்த கைப்பிடியைப் பிடித்து வழியைத் திருத்துவார். இவ்வகை வண்டியொன்று புதுச்சேரி அருங்காட்சியகத்தில் உள்ளது. தள்ளும் வேலை ஓரிடத்திலும் திருப்பும் வேலை வேறிடத்திலும் நடைபெறுவது இதன் விசேஷம். மோட்டார் காரின் ஏற்பாடும் இதுவே. பாரமும் வேகமும் மிகுந்தபடியால், நேரடிக் கைப்பிடிக்குப் பதிலாகப் பல உறுப்புக்கள் இடையே வேண்டியனவாயின.

ஒரு சிறு கணக்கு

வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. வட்டங்கள் யாவற்றிற்கும் மையம் ஒன்றே. அது பின் அச்சின் நேர்கோட்டில் வண்டிக்கு வெளியே இருக்கும். செக்கு மாடு சுற்றும்போது உட்பக்கத்து அடித்தடமும் வெளிப்பக்கத்து அடித்தடமும் ஒரே உரலை மையமாகக் கொண்டிருப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 8 அடியும், இடச்சக்கரத்திற்கும் வலச்சக்கரத்திற்கும் இடையே 4 அடியும் உள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். திருப்ப மையம் உட்புறப் பின்சக்கரத்திலிருந்து 14 அடி தூரத்தில் இருக்குமாயின், வெளிப்புறப் பின்சக்கரத்திலிருந்து அது 18 அடி ஆகும். வண்டி கால் வட்டம் திரும்புவதற்குள் வெளிப்புறச் சக்கரம் மற்றதைவிட ஏறக்குறைய ஆறேகால் அடி அதிகம் உருளவேண்டும். பின்சக்கரங்களில் இவ்வித்தியாசத்தைச் சமன் செய்வது அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல் பல்சக்கரங்களின் வேலை.

முன்சக்கரங்களுக்கோ வேகம் மட்டுமன்றித் திசையும் வேறுபடுதல் வேண்டும். மேற்படி கணக்கின்படி உட்புற முன்சக்கரம் சுமார் 30 பாகையும், வெளிப்புற முன்சக்கரம் சுமார் 24 பாகையும் திரும்பினால்தான் இரண்டும் அரைபடாமல் உருளும். இரண்டையும் ஒரே அளவு திருப்பினால், ஒன்று மற்றொன்றோடு இழுபறியாக நின்று, தேர்ச் சக்கரம்போல் தரையைத் தேய்க்கும். தேர்ச் சக்கரம் மண்ணைத் தேய்க்கிறது. மோட்டார் வண்டியில் தேய்வது விலை கொடுத்து வாங்கிய டயர்.

இச்சிக்கலைத் தீர்த்தவர்கள்

அச்சு முழுவதையும் திருப்பாமல், அதன் இரு முனைகளிலும் சக்கரத்திற்கு ஒன்றாக இரண்டு முளைகள் அமைத்து, சக்கரங்களை மட்டும் திருப்பும் முறையை ஜெர்மனியின் மியூனிக் நகரத்துக் கோச்சு வண்டி செய்பவரான லாங்கென்ஸ்பெர்கர் 1816-ஆம் ஆண்டளவில் கண்டார். அவருக்காக இங்கிலாந்தில் 1818-இல் உரிமைப் பட்டயம் பெற்றவர் ருடால்ப் ஆக்கர்மன். ஆதலால் இம்முறை இன்றும் ஆக்கர்மன் முறை என்றே வழங்குகிறது.

குதிரை வண்டிக்காரர்கள் இதை அதிகம் கைக்கொள்ளவில்லை. பிரான்ஸ் தேசத்தில் ல மான் நகரத்து மணி வார்ப்புக் குடும்பத்தைச் சேர்ந்த அமெதே பொல்லே என்பவர் 1873-இல் தாம் செய்த நீராவி வண்டியில் ஒவ்வொரு முன்சக்கரத்தையும் தனித்தனி முளையில் நிறுத்தினார். சொன்னபடி கேட்பதனால் அவ்வண்டிக்குப் பணிவுள்ளவள் என்று பொருள்படும் பெயரையே சூட்டினார். 1878-இல் பாரிஸ் நகரத்து ஷார்ல் ழாந்தோ, உட்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேண்டிய அளவு வேறுபட்டுத் திரும்புவதற்கு எளிய விதி ஒன்றை வரைந்து காட்டினார். அதனைப் பின்னர்க் கூறுவோம். ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1885-இல் செய்த முதல் மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள் வைத்ததற்கும் இத்திருப்புச் சிக்கலே காரணம். 1893-இல்தான் அவர் இரட்டை முளை முறையைக் கைக்கொண்டு நான்கு சக்கர வண்டி செய்தார். அக்காலத்து வண்டிகளைப் படகின் சுக்கான்போல் ஒரு தண்டினால் திருப்பினர். 1894-ஆம் ஆண்டு பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த மோட்டார் ஓட்டத்தில் அல்பிரெட் வாஷெரோன் என்பவர் தம் வண்டியில் வட்டமான சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். ஸ்டியரிங் சக்கரம் பரவியது அதன் பின்னரே.

உறுப்புக்களும் அவற்றின் தொழிலும்

ஓட்டுகிறவர் கைப்பிடிக்கும் ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழிறங்கி ஸ்டியரிங் பெட்டியுள் செல்கிறது. பெட்டியின் உள்ளே திருகுபோன்ற மரை வெட்டிய ஒரு பாகமும், அம்மரையில் பொருந்தி அசையும் மற்றொரு பாகமும் உண்டு. இரண்டாவது பாகத்தோடு பெட்டிக்கு வெளியே தொங்கும் கைக்கு டிராப் ஆர்ம் என்று பெயர். தண்டு சுழன்றால் இந்தக் கை முன்னும் பின்னும் அசையும். அதனோடு சேர்ந்த டிராக் லிங்க் என்னும் கோல், சக்கரம் நிற்கும் முளையைத் திருப்புகிறது. அம்முளையைப் பணிமனைக்காரர் கிங்பின் என்பர். ஒரு சக்கரத்தின் கையிலிருந்து மற்றச் சக்கரத்தின் கைக்குக் குறுக்கே செல்லும் கோல் டை ராடு. கோல்களின் முனைகளில் பால் ஜாயிண்ட் என்னும் குண்டு மூட்டுக்கள் இருக்கின்றன. மனிதனுடைய இடுப்பு மூட்டைப்போல் இவை எப்பக்கமும் அசையவல்லவை.

சக்கரத்திலிருந்து நீண்டு டை ராட்டைப் பிடிக்கும் இரண்டு கைகளும் நேர் பின்னோக்கி இராமல், சற்று உட்புறம் சாய்ந்திருக்கும். ழாந்தோ கூறிய விதி இதுவே: இடப்புறக் கிங்பின்னிலிருந்து அதன் கையின் முனை வழியாக ஒரு கோடும், வலப்புறத்திலும் அவ்வாறே ஒரு கோடும் பின்னோக்கி இழுத்தால், இரண்டும் பின் அச்சின் நடுவில் ஏறக்குறையச் சந்திக்கவேண்டும். இச்சாய்வினாலேயே உட்புறச் சக்கரம் அதிகமாகவும் வெளிப்புறச் சக்கரம் குறைவாகவும் திரும்புகின்றன. ஆகவே ஒரு கை வளைந்தாலும், டை ராடு வளைந்து நீளம் குறைந்தாலும், கணக்கு முழுவதும் கெட்டுவிடும்.

ஸ்டியரிங் பெட்டியின் தொழில் ஏற்றத் துலாவின் தொழிலைப் போன்றது. கை அதிக தூரம் அசைய, பாரம் குறைந்த தூரம் அசைகிறது. அதற்கேற்பப் பலம் பெருகுகிறது. 16 அங்குலக் குறுக்களவுள்ள ஸ்டியரிங் சக்கரத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கை சுமார் 50 அங்குலம் நகரும். பெட்டியின் விகிதம் பதினைந்துக்கு ஒன்றாயின் சாலைச் சக்கரம் 24 பாகை திரும்பும். அதனைத் திருப்பும் கை 6 அங்குல நீளமாயின் அதன் முனை இரண்டரை அங்குலமே அசையும். அதாவது கையின் பலம் 20 மடங்காகிறது; உராய்வினால் ஒரு பங்கு குறையும். விகிதத்தை இன்னும் கூட்டினால் இலேசாகத் திரும்பும். ஆனால் பல சுற்றுக்கள் சுற்றவேண்டும். இலேசையும் விரைவையும் ஒருங்கே பெற இயலாது.

மற்றொரு முறையில் திருகுப் பெட்டி இல்லை. தண்டின் அடியிலுள்ள சிறு பல்சக்கரம், குறுக்கே கிடக்கும் பல் வெட்டிய சட்டத்தை இடமும் வலமும் தள்ளும். இதற்கு ராக் பினியன் என்று பெயர். உறுப்புக்கள் குறைவு, உத்தரவும் உடனே சக்கரத்தைச் சேரும். 2014 வரை வங்காளத்து உத்தரபாராவில் உற்பத்தியான அம்பாசிடர் கார் இம்முறையைச் சேர்ந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் முன்பு உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரும் இம்முறையினதே. மிகச் சிறிய இடத்தில் திரும்புவதற்கு அது பெயர் பெற்றிருந்தது. கரடுமுரடான பாதையில் ஓடிய பழைய வில்லிஸ் ஜீப்பிலோ திருகுப் பெட்டி வகையே இருந்தது. கல்லும் பள்ளமும் தரும் அடி திருகின் வழியாக மேலே ஏறுவது அரிதாகையால் ஓட்டுகிறவர் கை அதிர்வதில்லை.

இக்காலத்துக் கார்களிற் பெரும்பாலானவற்றில் மின்சார மோட்டாரோ எண்ணெய் அழுத்தமோ கைக்கு உதவி செய்கிறது. உதவி நின்றுபோனால் ஸ்டியரிங் கனமாகும். ஆனாலும் மேலே கூறிய தண்டும் கோலும் மூட்டும் அவற்றிலும் உண்டு. கவனிக்கவேண்டிய முறையும் அதுவே.

சக்கரம் தானே நேராவது ஏன்?

வளைவு முடிந்தபின் கையைச் சற்றுத் தளர்த்தினால் ஸ்டியரிங் தானே நேருக்கு வருகிறது. இதற்குக் காரணம் கிங்பின்னின் தலை சற்றுப் பின்சாய்ந்திருப்பது. சைக்கிளின் முன்கவைச் சாய்வும் இதற்கு ஒப்பானதே. கைவிட்டு ஓட்டும் பையன்கள் அதன் பயனை அறிவர். அன்றியும் முன்சக்கரங்கள் முன்புறத்தில் ஒன்றையொன்று மிகச் சிறிதளவு நெருங்கியிருக்குமாறு பல வண்டிகளில் அமைப்பர். இதற்கு டோ-இன் என்று பெயர். அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். வண்டியோடு வரும் புத்தகத்தில் கண்டபடியே இருத்தல் வேண்டும். ஒரு சக்கரம் அரைப் பாகை தவறி நின்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எட்டு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபட்டவாறே ஓடுகிறதென்று கணக்கிடலாம். டயர் ஒரு விளிம்பில் மட்டும் வழுவழுவென்று தேய்வதன் காரணம் பெரும்பாலும் இதுவே.

டிராக்டர் வைத்திருப்போர்க்கு

டிராக்டரில் இரண்டு விஷயங்கள் விசேஷமாய்க் கவனிக்கத்தக்கவை. முதலாவது, முன்சக்கரம் தரையை அழுத்தினால்தான் ஸ்டியரிங் பயன்படும். பின்புறத்தில் கனமான கருவியைத் தூக்கிக்கொண்டோ, அளவுக்கு மீறிய டிரெயிலரை இழுத்துக்கொண்டோ மேட்டில் ஏறினால் முன்புறம் இலேசாகிவிடும். அந்நிலையில் ஸ்டியரிங் எவ்வளவு பழுதற்றிருந்தாலும் வண்டி திரும்பாது. டிராக்டரின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சின்மேல் நிற்கும்படி முன்பாரம் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வயலில் சட்டெனத் திரும்ப உதவும் இரண்டு தனித்தனிப் பிரேக்குகளையும், சாலைக்கு வருமுன் தாழிட்டு ஒன்றாக்குவது அவசியம்.

இரண்டாவது, சேற்றுழவு. சேறும் நீரும் குண்டு மூட்டின் இரப்பர் உறை கிழிந்த வழியே உட்புகுந்து கிரீஸை வெளியேற்றும். மண் கலந்த மூட்டு அம்மியில் அரைபடுவதுபோல் தேய்ந்து சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும். ஆகவே நடவு முடிந்ததும் வண்டியைக் கழுவி, எல்லா மூட்டுக்களிலும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை புதிய கிரீஸ் செலுத்துக. பயிருக்கேற்ப முன்சக்கர அகலத்தை மாற்றினால் டோ-இன்னையும் மறுபடி சரிபார்த்தல் வேண்டும்.

ஆட்டத்தைக் கண்டறியும் விதம்

மூட்டுக்கள் ஒரே நாளில் கழல்வதில்லை. வெகு நாட்கள் ஆட்டம் கொடுத்தே கழல்கின்றன. ஓட்டுகிறவர் கைக்கு அந்த ஆட்டம் நாளுக்கு நாள் பழகிப் போவதால் அதனை அவர் உணர்வதில்லை. எனவே மாதம் ஒருமுறை கீழ்க்கண்டவாறு சோதித்தல் நன்று.

முதலாவதாக, வண்டியைச் சமதரையில் முன்சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துக. ஸ்டியரிங் சக்கரத்தின் உச்சியில் ஒரு நூலைக் கட்டுக. ஒருவர் அதனை மெதுவாய் இருபுறமும் அசைக்க, மற்றொருவர் வெளியே நின்று சாலைச் சக்கரம் அசையத் தொடங்கும் இடத்தைக் கூறட்டும். சாலைச் சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் நகரும் தூரமே ஆட்டம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் இவ்வாட்டம் 30 பாகைக்கு மேற்படலாகாதென்று விதிக்கின்றன. 30 பாகை என்பது கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை. 16 அங்குலச் சக்கரத்தில் விளிம்பின் மேல் நான்கு அங்குலத்திற்குச் சற்று அதிகம். இது சட்டத்தின் எல்லையேயன்றி நல்ல வண்டியின் அடையாளமன்று. சென்ற மாதத்தைவிட ஆட்டம் கூடியிருந்தால் எல்லைக்குள் இருப்பினும் காரணத்தைத் தேடுக.

இரண்டாவதாக, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அச்சின் அடியில் உறுதியான தாங்கி வைத்தபின், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க. ஆட்டம் இருந்தால் கிங்பின்னிலோ பேரிங்கிலோ தேய்வு உண்டு. பிறகு இடமும் வலமும் பிடித்து அசைக்க. இப்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகளை ஐயுறவேண்டும். ஒருவர் அசைக்கும்போது மற்றொருவர் மூட்டின்மேல் விரல் வைத்தால், கழன்ற மூட்டு விரலுக்குத் தெரியும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு மூட்டிலும் இரப்பர் உறை கிழியாமலிருக்கிறதா, நட்டின் குறுக்கே பூட்டு ஊசி இருக்கிறதா என்று பார்க்க. ஊசி இருந்த இடத்தில் கம்பியோ ஆணியோ சொருகியிருந்தால் அன்றே மாற்றுக. இரப்பர் உறையும் பூட்டும் இருக்கவேண்டுமென்பதும் மேற்படி விதிகளில் கண்டதே.

நான்காவதாக, வண்டி ஒரு பக்கமாய் இழுத்தால் முதலில் இரு டயர்களின் காற்றையும் சமன் செய்க. அதன் பிறகும் இழுத்தால் டோ-இன்னை அளக்க. அச்சின் உயரத்தில் இரு டயர்களின் முன்புறத்திலும் சுண்ணக்கட்டியால் குறியிட்டு இடைத்தூரத்தை அளந்துகொண்டு, சக்கரம் அரைச் சுற்று உருளும்படி வண்டியை முன்தள்ளி, பின்புறம் வந்துள்ள அதே குறிகளை மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும்.

செய்யத்தகாதன

வளைந்த டை ராட்டையோ டிராப் ஆர்மையோ உலையில் காய்ச்சி நிமிர்த்துவதும், ஒடிந்ததைப் பற்றவைப்பதும் அறவே கூடாது. இவ்வுறுப்புக்கள் தக்க பதமேற்றிய இரும்பினால் ஆனவை. நெருப்பில் காய்ந்ததும் பதம் போய்விடும். பார்வைக்கு நேராக இருப்பினும் பாரத்தோடு பள்ளத்தில் விழும்போது ஒடியும். கலப்பைக் கொழு ஒடிந்தால் உழவு ஒரு நாள் தடைப்படும். அதைக் கொல்லரிடம் கொடுத்து அடித்துக்கொள்வது முறையே. டை ராடு ஒடிந்தால் இரண்டு முன்சக்கரங்களும் ஆளுக்கொரு திசையை நோக்கும். ஆகையால் புதிய உறுப்பே வாங்கிப் பூட்டவேண்டும். நின்றிருக்கும் வண்டியின் ஸ்டியரிங்கைப் பலங்கொண்ட மட்டும் முறுக்குவதும் மூட்டுக்களுக்குக் கேடு. வண்டி சிறிது உருளும்போது திருப்பினால் கைக்கும் சிரமமில்லை, டயருக்கும் தேய்வில்லை.

கரும்பு, நெல் முதலியன சாலைக்கு வரும் அறுவடைக் காலத்திற்கு முன்பாக, கிராம உத்தியோகஸ்தர்கள் ஒரு நாளைக் குறித்து ஊரிலுள்ள டிராக்டர்களையும் வண்டிகளையும் ஓரிடத்தில் வரவழைத்து, மேற்கண்ட சோதனைகளை உரியவர்களைக் கொண்டே செய்விப்பது பெரும் பயன் தரும். ஒரு நூல், ஒரு சுண்ணக்கட்டி, ஒரு ஜாக்கி, இரண்டு ஆட்கள்: இதற்கு மேல் செலவில்லை. தேய்ந்த மூட்டின் விலை, ஒரு டயரின் விலையை நோக்கச் சொற்பமே. அதனால் காக்கப்படும் உயிர்களுக்கோ விலையே இல்லை. ஆட்டம் கண்ட வண்டியை, மூட்டு மாற்றும்வரை வீட்டில் நிறுத்தி வைப்பதே விவேகம்.